நீந்தத் தெரியாத ஆமைக்கு ஒரு திறப்பு விழா

எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. இருக்கிறது என்றால், பூத்தையல் போட்ட துணியால் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா ஒன்றும் குத்தி இருக்கிறது. துறைமுகத்தடிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் அதில் விளையாட விடுங்கள் என்று நிலையத் தலைவரிடம் மாதக்கணக்காய்க் கெஞ்சினேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்.

"ஒருநாள் செய்து பாப்பம். எனக்குத் திருப்தியெண்டால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம். இல்லாட்டித் துணியைத் திரும்பப் போடுறதுதான்" என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் டீவியில் பார்த்த ஒரு கார்ட்டூன் படத்தின் விளையாட்டைத் தெரிந்தெடுத்தேன். தாயைத் தேடிப் போகும் ஆமைக்குஞ்சின் கதை. படத்தில் அது கடல் கடலாய் நீந்தும். விளையாட்டிலோ கல்லுக்குக் கல் பாயவேண்டும், சங்கு பொறுக்கவேண்டும், நண்டின் தலையில் மிதிக்கவேண்டும். கடலில் விழுந்தால் உயிர் போய்விடும். மொத்தம் மூன்று உயிர். இது எனக்கு ஒருநாளும் பிழையாகப் படவில்லை. கடற்கரையில் பிறந்தாலும் நான் வளர்ந்தது கொம்பியூட்டருக்கு முன்னால், கதிரையில்.

எங்கள் ஊரில் எதையும் சும்மா தொடங்க ஏலாது. குழாய்க்கிணற்றுக்கே நாடா வெட்டிய ஆட்கள் நாங்கள். ஆகவே அழைப்பிதழ் அடித்தோம், குத்துவிளக்கு ஏற்றினோம், தலைவருக்கு மாலை போட்டோம். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை எல்லாம் முடிய, பாயில் இருந்த பிள்ளைகளில் பாதி நித்திரை. அப்போது செயலாளர் ஒலிவாங்கியில் அறிவித்தார்: "இப்பொழுது தலைவர் அவர்கள் முதலாவது ஆட்டத்தை ஆடி, வைபவரீதியாக ஆரம்பித்து வைப்பார்."

தலைவர் மாலையோடு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். எந்தப் பொத்தானில் நடக்கும், எதில் பாயும் என்று காட்டினேன்.

"பாயுறதோ? ஆமை ஏன் பாயுது?"

நேரே நடத்திக்கொண்டுபோய்க் கடலில் இறக்கினார். ஒரு உயிர் போனது.

"கொம்பியூட்டர் பழுதுபோலை."

"இல்லை சேர், கடலிலை விழுந்தால் செத்திடும்."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் எந்த ஊர்?"

"இந்த ஊர்தான் சேர்."

"ஆமை கடலிலை விழுந்து செத்ததை எங்கையாவது கண்டனீரோ?"

பிள்ளைகள் முழித்துவிட்டார்கள். "பாயுங்கோ சேர்! பாயுங்கோ!"

"சத்தம் போடாதையுங்கோ. அது நீந்தும். கொஞ்சம் பொறுங்கோ."

அது நீந்தவில்லை. மூன்றாவது உயிரையும் அதே நம்பிக்கையோடு கடலில் விட்டார். திரை கறுத்தது. திறந்துவைக்கும் தலைவரே தோற்றுப்போனால் என்ன செய்வது என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை. செயலாளர் நேரே நன்றியுரைக்குப் போனார். சிற்றுண்டிக்கு வைத்த ரோல்ஸ் மட்டும் குறைவில்லாமல் பரிமாறப்பட்டது. துணியும் ரோஜாவும் பழைய இடத்துக்கு வந்தன.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு நாலாம் கட்டம் ஞாபகம் வந்தது. அது முழுக்கக் கடலுக்கடியில் நடக்கும்; அங்கே மட்டும் ஆமை நீந்தும். தலைவரைக் கூட்டிக்கொண்டு போய், முதல் மூன்று கட்டத்தையும் மூச்சுவிடாமல் பாய்ந்து முடித்து, ஆமையை நீந்தவிட்டுக் காட்டினேன்.

"ஓம், இப்ப சரி" என்றார். "கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தாறன். ஆனால் இந்தப் பகுதி மட்டும். அந்தப் பாயுறதைப் பிள்ளையளுக்குக் காட்டாதையும். பிழையான அறிவு."

இந்த விளையாட்டில் விட்ட இடத்திலிருந்து தொடங்க வழியில்லை; மூன்று உயிரும் போனால் திரும்ப முதலாம் கட்டம்தான். எனவே பிள்ளைகள் வரமுதல் போய், தனியே இருந்து மூன்று கட்டம் பாய்ந்து, நண்டுகளையெல்லாம் மிதித்து, நாட்டின் அறிவுக்குப் பங்கம் வராமல் ஆமையைக் கடலுக்குள் இறக்கிவைப்பது என் பொறுப்பாயிற்று.

முதல் சனிக்கிழமை முதலாவதாய் வந்திருந்தது ஒரு மீன்பிடிகாரரின் மகள், எட்டு வயது இருக்கும். கொஞ்சநேரம் நீந்தினாள். பாசியைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"அக்கா, இது எங்கட வீட்டுக்குப் பின்னாலையே கிடக்கு. பாயுறதைப் போடுங்கோவன்."

பின்னால் தலைவர் பேப்பரை இறக்கிவிட்டு, நீந்தும் ஆமையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"பொறு," என்றேன். "சேர் பத்து மணிக்குத் தேத்தண்ணிக்கு எழும்புவார்."

பத்துக்கு எழும்பினார். அவருடைய செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியதும், முதலாம் கட்டத்துக்குத் திரும்பிப் போக இருந்த ஒரே வழியை அவள் தொடங்கினாள். முட்டினால் உயிர் போகும் முள்ளுப் பேத்தை மீன் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஆமையை அதன்மேல் மோதினாள். ஒன்று. பாயிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் மெல்லிய குரலில் எண்ணினார்கள். இரண்டு. நான் வாசலில் நின்று காவல் பார்த்தேன்.