மூன்றாம் ஓலை

அம்மாவின் முப்பதாம் நாள் பூசையில், புதிதாக வந்த பங்குச் சாமியார் பிரசங்கத்தின் நடுவே அவளை "சாந்தமே உருவானவர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அவள் அழுகிறாள் என்று நினைத்துப் பின் வரிசைப் பெண்மணி ஒருவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். பாவம், சாமியார் மேல் தப்பில்லை. அவர் மயிலாப்பூருக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அவர் பார்த்ததெல்லாம், சக்கர நாற்காலியில் வந்து நற்கருணைக்கு வாய் திறந்த ஒரு வயதான பெண்ணைத்தான். அந்த வாயில் முன்பற்கள் ஏன் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் அன்று அதே கோயிலில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

என் அம்மா கை நீட்டுகிற பெண். தெற்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, நர்ஸ் படிப்பு முடித்துச் சென்னைக்கு வந்தவள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அக்காவையும் என்னையும் ஒற்றை ஆளாக வளர்த்தாள், அடித்து வளர்த்தாள். செபமாலை சொல்லும்போது தூங்கி விழுந்தால் தொடையில் கிள்ளு. பொய் சொன்னால் கைக்குக் கிடைத்த கரண்டி. அடித்து முடித்ததும் ஆஸ்பத்திரிப் பஞ்சில் மருந்தைத் தொட்டு, வார்டில் நோயாளிக்குச் செய்வதுபோலப் பொறுமையாகக் காயத்தைத் துடைப்பாள். "அழாத, எரியாது" என்பாள். எரியும். லஸ் முனையில் பஸ்ஸில் இடித்த ஒருவனை டிபன் கேரியராலேயே விளாசியிருக்கிறாள். எங்கள் தெருவில் அவளைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். ஆனால் யாருக்காவது பிரசவ வலி என்றால் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான். இவ்வளவு பயந்து இவ்வளவு நேசித்த ஆள் எனக்கு வேறு யாரும் கிடையாது.

விபத்துப் பிரிவில் அவளுக்கு வேலை. உடைந்த தாடையோடும் வீங்கிய கண்ணோடும் வருகிற பெண்கள் அங்கே ஒரே பதிலைத்தான் சொல்வார்களாம்: பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "மெட்ராஸ்ல இத்தன பாத்ரூம் வழுக்குது, ஒருத்தனும் வழுக்கி விழ மாட்டேங்கான்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பு அக்காவின் கல்யாணத்தோடு நின்றது.

மாப்பிள்ளை எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் வாசகம் வாசிப்பவர், திருவிழாவில் தேருக்குத் தோள் கொடுப்பவர். வீடு திருவான்மியூரில். முதல் வருடமே அக்கா கன்னம் வீங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா பஞ்சும் மருந்தும் எடுத்தாள். துடைத்து முடித்ததும், "நீ வாயக் குடுத்திருப்ப" என்று சொல்லித் தன் பங்குக்கு அக்காவின் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு தீர்வு ஒன்று கண்டுபிடித்தாள். ஆயிரம் பெண்களைப் பார்த்த நர்ஸுக்கு அந்தத் தீர்வு எப்படித் தோன்றியது என்று நான் இன்றும் வியக்கிறேன். வேதக்காரர்கள் எங்களுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும். அப்போதைய சாமியாரைக் கூட்டிப் போய் வீட்டை மந்திரிக்க வைத்தாள். சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். பாத்ரூமிலும் தெளிக்கும்படி அம்மா சொன்னாள். தீர்த்தச் செம்பைப் பயபக்தியோடு ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தது மாப்பிள்ளைதான். பிறகு எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். அக்காவை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம்.

குழந்தை பிறந்த பின்னும் அடி நிற்கவில்லை. அக்கா மறுபடி வந்தாள். அம்மா மறுபடி திருப்பி அனுப்பினாள். திருமணம் என்பது எங்களுக்குத் தேவதிரவிய அனுமானம், கடவுள் முன்னால் போட்ட முடிச்சு, பிரிக்க முடியாதது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒருநாள் பகல் ஷிப்டில், அம்மா நின்றிருந்த அதே விபத்துப் பிரிவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, அத்தை" என்றார் மாப்பிள்ளை. மண்டையில் இரண்டு பக்கமும் அடிபட்டிருந்தது. அக்காவுக்குக் கொஞ்ச நேரம் நினைவு இருந்தது. போலீஸ்காரர் கேட்டபோது அவளும் வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னாள். பிள்ளை அந்த வீட்டில் இருந்ததே, வேறு எதைச் சொல்வாள்? சாயங்காலத்துக்குள் செத்துப்போனாள். அவள் வாக்குமூலமே அவனைக் காப்பாற்றியது. அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா திருவான்மியூருக்குப் போய்ப் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் தடுக்கவில்லை. பெண் குழந்தை தொலைந்தது என்று இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அம்மா யார் மீதும் கை ஓங்கவில்லை. பேத்தி பாலைக் கொட்டினாலும், பொய் சொன்னாலும், செபமாலையில் முதல் பத்து மணிகளை உருட்டுவதற்குள் குறட்டை விட்டாலும் பேசாமல் இருப்பாள். "அம்மாச்சி, திட்டவாவது திட்டு" என்று அந்தப் பிள்ளையே கெஞ்சும். அக்காவுக்காக அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. அது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

பேத்திக்கு எட்டு வயது நடக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர்களை அறிவிக்க வேண்டும். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஓலை நேரத்தில் ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அன்று வாசித்தது அக்கா புருஷனின் பெயரை. மனைவியை இழந்தவர் என்று போட்டிருந்தது. பெண் அடையாறில் ஒரு டீச்சரின் மகள்.

பூசை முடிந்ததும் அம்மா சாமியாரிடம் போனாள். "ருசு இருக்காம்மா? உங்க மகளே வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றார் அவர். அடுத்த வாரம் இரண்டாம் ஓலை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அடையாறுக்குப் போனாள். பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மக இருந்த எடத்துக்கு வேற பொண்ணு வருதேன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல். டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். உள்ளறைக் கதவோரம் நின்று அந்தப் பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

மூன்றாம் ஓலை வாசித்தபோது அம்மா எழுந்து நின்றாள்.

"தடை இருக்கு, சாமி" என்றாள். கோயில் முழுவதும் கேட்டது. "அந்த ஆளு என் மகள அடிச்சுக் கொன்னான். அவன்கிட்டயிருந்து தப்பி வந்த என் மகள ரெண்டு தடவை அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்புனது நான். அதையும் சேத்து எழுதிக்கோங்க."

யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. சாமியார் மைக்கைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் வெளியே வந்து முற்றத்தில் மாதா சிலை நிற்கும் கெபியைத் தாண்டுவதற்குள் அவனுடைய தம்பி வந்து அம்மாவின் கொண்டையைப் பிடித்தான். "இன்னா கெழவி, எங்க அண்ணன கொலகாரன்றியா?" என்று கேட்டுக்கொண்டே கெபியின் கருங்கல் தூணில் அவள் முகத்தை மோதினான். ஒரு முறையோடு விடவில்லை. நான் அவன் கையைக் கடித்தேன். என் வாயில் அவன் ரத்தம் உப்புக் கரித்தது. இன்னொருவன் என்னை வயிற்றில் உதைத்துத் தள்ளினான். சுற்றிலும் பாட்டுப் புத்தகமும் கையுமாக எங்கள் பங்கு மக்கள் நின்றார்கள். எனக்கு உபதேசம் சொல்லிக்கொடுத்தவர், அக்காவுக்கு உறுதிபூசுதலில் ஞானத்தாயாக நின்றவர், எல்லோரும்தான். கடைசியில் ஓடி வந்தது வாசலில் மெழுகுவத்தி விற்கிற பெண்மணி. "டேய், வுடுறா அந்தம்மாவ! உன் கை வெளங்குமாடா?" என்று கத்திக்கொண்டு கூடையாலேயே அவனை அடித்தாள். அம்மா உடைந்த பற்களை உள்ளங்கையில் துப்பிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கல்யாணம் நடந்தது. நடக்காமல் என்ன? எங்களைத்தான் விலக்கி வைத்தார்கள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தில் முன் வரிசை எங்கள் பக்கம் திரும்பாது. அம்மா பொக்கை வாயோடு அதே பெஞ்சில் போய் உட்காருவாள். யாரும் திரும்பாவிட்டாலும் கை கூப்புவாள். எனக்குத்தான் அந்த முதுகுகளில் ஓங்கிக் குத்த வேண்டும் போல இருக்கும். இன்னும் சில முதுகுகள் அப்படித்தான் இருக்கின்றன.

அடுத்த ஐப்பசியில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்த அடையாறுப் பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். காலில் செருப்பில்லை. இடது மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. காதோரம் முடியைப் பிய்த்த இடத்தில் ரத்தம். "ஆன்ட்டி, பாத்ரூம்ல…" என்று பழக்கத்தில் ஆரம்பித்தாள்.

"முடிக்காத" என்றாள் அம்மா. "இந்த வீட்டுல அதச் சொல்ல வேண்டாம். உள்ள வா."

தாய்வீட்டுக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவள் அம்மா போன மாதம்தான் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

அம்மா செய்தித்தாளைச் சுருட்டி மணிக்கட்டுக்கு அணை கொடுத்துத் துப்பட்டாவால் கட்டி முடிப்பதற்குள் கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. அவனும் தம்பியும் நின்றார்கள். பேத்தி சமையலறை வாசலில் நின்று தன் அப்பாவைப் பார்த்தது. "வழிய வுடு, அத்தை. அவ என் பொண்டாட்டி" என்றான். அம்மா நகரவில்லை. அவன் அவளை மார்பில் கை வைத்துத் தள்ளி, விழுந்தவளின் விலாவில் உதைத்தான். பிறகு அந்தப் பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்தான். அம்மா தவழ்ந்து சமையலறைக்குள் போனாள். மிளகு இடிக்கிற இரும்பு உலக்கையோடு எழுந்து வந்தாள். அத்தனை வருடம் கட்டி வைத்திருந்த கை அது. முதல் அடியில் அவன் காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது முழங்கையில். அவன் "அம்மா" என்று அலறிக்கொண்டு சுருண்டான். தம்பி படிக்கட்டைப் பார்த்துப் பின்வாங்கினான். அம்மா மறுபடி ஓங்கினாள். இந்தத் தடவை குறி தலை. நான் அவள் கையில் தொங்கினேன். தொங்கியிருக்காவிட்டால் கொன்றிருப்பாள். அதை அவளே பின்னால் பலமுறை ஒத்துக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் ஏக்கத்தோடு.

உலக்கையைக் கீழே போட்டதும், நர்ஸ் புத்தி யாரை விட்டது, பழைய புடவையைக் கிழித்து அவன் கையைத் தொட்டில் போலக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். "எலும்பு நகரக் கூடாது. தூக்கிட்டுப் போ" என்றாள் தம்பியிடம். பேத்தி, வாசலில் கிடந்த தன் அப்பாவின் ஒற்றைச் செருப்பை எடுத்துப் படிக்கட்டில் வீசியது. போலீஸ், வழக்கு, எலும்பு ஆஸ்பத்திரி எல்லாம் பிறகு வரிசையாக வந்தன. அம்மா எந்த இடத்திலும் அடித்தேன் என்பதை மறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே பெண்ணின் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். மகளின் கையைப் பார்த்தார், பிய்ந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். "வா, போலாம். மாப்பிள்ளை வீட்ல எல்லாரும் கோவமா இருக்காங்க. நாமளே முதல்ல போய்ப் பேசிட்டா பெருசாவாது" என்றார். அந்தப் பெண் எழுந்து நின்றாள். எனக்கு உலக்கையைத் தேடலாம் என்றிருந்தது. அம்மா திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டாள். கோயிலில் தவிர எங்கும் முட்டி மடக்காதவள், தன்னை டீ குடித்துவிட்டுப் போகச் சொன்ன அந்தப் பெண்மணியின் காலைப் பிடித்தாள்.

"ஐயோ, என்னங்க இது, எழுந்திருங்க" என்று அவர் காலை இழுத்தார். அம்மா விடவில்லை.

"உங்க மக உசுரோட இருக்கா" என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல, டீச்சர். உசுரோட இருக்கா. கூட்டிட்டுப் போங்க. அங்க மட்டும் வேண்டாம்."

அந்த அம்மாள் காலை விடுவித்துக்கொண்டு, மகளின் நல்ல கையைப் பிடித்து இறங்கிப் போனார். நானும் அம்மாவும் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மழை விட்டிருந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்த பிறகும் ஆட்டோ நகரவில்லை.

"எங்கம்மா போவணும்? திருவான்மியூரா?" என்று ஆட்டோக்காரர் கேட்டது மேலே வரை கேட்டது.

ஆட்டோவின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அடையாறுலயே நிறுத்திடுப்பா" என்றார் டீச்சர். "எங்க வீடு அங்கதான்."

ஆட்டோ தெருமுனை திரும்பியது. அம்மா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அக்காவின் பெயரைச் சொல்லி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள்.