பேர் சொன்ன பெட்டி

எங்க அண்ணி நவநீதம் பஸ்ல ராஜாஜிநகருக்குப் போனா அந்தப் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்க மாட்டாங்க. அதுக்கு அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கி, அங்க இறங்கி, வெயில்ல திரும்பி நடந்து வருவாங்க. ஏன்னா எங்க அண்ணன் பேரு எத்திராஜ். புருஷன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு குறையும்னு அவங்கம்மா சொல்லி வளத்திருக்காங்க. முழுப் பேருகூட வேணாம், அதுல பாதி வந்தாலே அண்ணிக்கு வாய் அடைச்சுக்கும். தெருமுனை நாகராஜ் கடை அவங்களுக்கு 'பாம்புக்காரர் கடை'. ரேஷன் ஆபீசுல புருஷன் பேரு என்னன்னு கேட்டா என்னைத் திரும்பிப் பாப்பாங்க. அதைச் சொல்றதுக்குன்னே நான் சோத்தை அடுப்புல விட்டுட்டு கூடப் போகணும். எத்தனையோ தடவை கத்தியிருக்கேன், கேட்டாத்தானே.

இந்த அண்ணிதான் கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுத்தவங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அண்ணன் கோலார் தங்கவயல்ல சுரங்கத்துல இருந்தவரு. அங்க வேலை சுருங்கிக்கிட்டே வந்ததும் ரெண்டு பேரும் நான் குடியிருக்கிற ஜீவனஹள்ளிக்கே வந்துட்டாங்க. அண்ணன் ஒரு குடோன்ல வாட்ச்மேன், அண்ணி கார்மெண்ட்ஸ்ல காலர் தைக்கிற வேலை. ரெண்டாயிரத்து ரெண்டுல சுகர் அண்ணன் கண்ணை வாங்கிடுச்சு. அவருக்கு பேப்பர்னா உசிரு. சுரங்கத்துலருந்து மேல வந்ததும் குளிக்கிறதுக்கு முன்னாடியே பேப்பர் தேடுற ஆளு. கண்ணு போனதும் அண்ணி தினமும் வேலை விட்டு வந்து, மூஞ்சி கழுவி, டீயை அவரு கையில கொடுத்துட்டு, பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்ட ஆரம்பிச்சாங்க.

சும்மா படிக்க மாட்டாங்க. மந்திரி பேசினதை நாலு வரி படிச்சுட்டு 'அத்தனையும் புளுகு'ம்பாங்க. சாவுச் சேதி வந்தா குரல் தானா இறங்கிடும். தங்கம் விலை வந்தா, 'தோண்டினது நீங்க, போட்டுக்கிறது எவளோ'ன்னு பெருமூச்சு விடுவாங்க. அண்ணன் சிரிப்பாரு. பகல் பூரா சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கிற மனுஷன் அந்த ஒரு மணி நேரம்தான் மனுஷனா இருப்பாரு. அவங்க ரெண்டு பேருக்கும் வேற பேச்சே கிடையாது, குழந்தை குட்டியும் இல்ல. சண்டை, சமாதானம், கொஞ்சல் எல்லாமே அந்தப் பேப்பர்லதான்.

ஞாயித்துக்கிழமையில அண்ணி அவரைப் பார்வையில்லாதவங்க சங்கத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்கேயும் நாலஞ்சு பேரைச் சுத்தி உக்கார வச்சுப் பேப்பர் படிப்பாங்க. ஒருநாள் நானும் கூடப் போயிருந்தப்ப நிருபமான்னு ஒரு பொண்ணு அங்க வந்துச்சு. மல்லேஸ்வரத்துப் பொண்ணு, தமிழும் கன்னடமும் மாத்தி மாத்திப் பேசும், ஆராய்ச்சி பண்ற இடத்துல வேலை. தமிழ் எழுத்தைப் பாத்து வாய்விட்டுப் படிக்கிற ஒரு பெட்டியை அவங்க செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கண்ணாடி மேல தாளைக் கவுத்து வச்சா படிக்கும். ஆனா அதோட குரலைக் கேட்டா தகர டப்பாவைத் தரையில இழுக்கிற மாதிரி இருந்துச்சு. அண்ணன் காதைப் பொத்திக்கிட்டாரு. நிருபமா, அண்ணி படிக்கிறதையே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் கிட்ட வந்து, உங்க குரலை எங்களுக்குக் கொடுப்பீங்களா ஆன்ட்டின்னு கேட்டுச்சு.

அண்ணிக்கு ஆசையும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியில எங்கிட்ட மனசைக் கொட்டிட்டாங்க. "பெட்டி வந்தா பகல்ல அவரு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்கார வேணாம். ஆனா அதுவே எல்லாத்தையும் படிச்சுடுச்சுன்னா அப்புறம் நான் எதுக்கும்மா?"

நீங்க சோறு பொங்கிப் போட வேணாமான்னேன். வாய் இருக்குதே எனக்கு. கடைசியில அண்ணி சரின்னுட்டாங்க.

ரெண்டு மூணு மாசம், லீவு நாள்ல எல்லாம் அந்த ஆராய்ச்சி இடத்துக்கு நானும் துணைக்குப் போனேன். சுவரெல்லாம் மெத்தை ஒட்டின சின்ன ரூம். ஃபேன் சத்தம் ஆகாதுன்னு நிறுத்திடுவாங்க. உள்ள உக்காந்து அர்த்தமில்லாத வரியெல்லாம் அண்ணி படிக்கணும். சிரிக்கக் கூடாது, 'புளுகு'ன்னு சேத்துக்கக் கூடாது, ஒரே மாதிரி படிக்கணும். அதுதான் அண்ணிக்குப் பெரிய பேஜார். ஒருநாள் ஒரு வரியில 'ராஜ்'னு வந்துடுச்சு. அண்ணி நிறுத்திட்டாங்க. நிருபமா மறுபடி படிக்கச் சொல்லுச்சு, மறுபடியும் நிறுத்திட்டாங்க. மைக் கெட்டுப்போச்சோன்னு அது ஒயரை எல்லாம் புடுங்கிப் பாக்குது. நான்தான் கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் பொண்ணுக்கு ஆச்சரியம்னா ஆச்சரியம். அது புருஷனை ஃபோன்ல 'ரங்கா, பால் வாங்கிட்டு வாடா'ன்னு கூப்பிடற பொண்ணு. ஆனா கேலி பண்ணலை. பரவால்ல ஆன்ட்டி, அந்தச் சத்தத்தை வேற வார்த்தையிலருந்து எடுத்துக்கிறோம்னுச்சு. எப்படின்னு அண்ணி கேட்டாங்க. நீங்க படிச்சதை எல்லாம் துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கோம், வேண்டியதை எடுத்து ஒட்டினா எந்த வார்த்தையும் வரும்னு விளக்கிச்சு. கார்மெண்ட்ஸ் ஆளுக்கு இது புரியாதா? கட்டிங் பீஸைச் சேத்து சட்டை தைக்கிற மாதிரிதானேன்னாங்க. ஆமான்னுச்சு அது.

அப்ப அது அவரு பேரையும் சொல்லுமான்னு அண்ணி கேட்டாங்க. எழுதிக் கொடுத்தா சொல்லும்னு பதில் வந்துச்சு. அன்னிலருந்து எனக்குத் தொல்லை ஆரம்பமாச்சு. காய் நறுக்கும்போது, பஸ்ஸுக்கு நிக்கும்போது, திடீர்னு கேப்பாங்க. "நான் வாயால சொல்லலை. ஆனா என் குரல் சொல்லுது. அப்ப சொன்னது யாரும்மா?" எனக்கு என்ன தெரியும்? நிருபமாவையே கேளுங்கன்னேன். கேட்டிருக்காங்க. எங்களுக்கும் தெரியாது ஆன்ட்டின்னுடுச்சாம்.

அடுத்த வருஷம் சோதனைக்குன்னு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டுலயே வச்சாங்க. எந்தக் கீயை அழுத்தணும்னு தடவினா தெரியறதுக்காக அண்ணி தன்னோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை எடுத்து அதுமேல ஒட்டி விட்டாங்க. அண்ணன் பேப்பரை மடிச்சுக் கண்ணாடியில கவுத்து, பொட்டைத் தடவி அழுத்தினாரு. பெட்டி அண்ணி குரல்ல படிச்சுச்சு. அசல் அண்ணியேதான். என்ன, மூச்சு விடாம படிக்குது. ஆக்ஸிடெண்ட்ல செத்தவங்களையும் ஆடித் தள்ளுபடியையும் ஒரே ராகத்துல படிக்குது. எழுத்து மங்கலா இருந்தா உளறுது. அண்ணனுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. பகல் பூரா படிக்க வச்சுக் கேட்டாரு. மளிகை மடிச்சு வந்த காகிதத்தைக்கூட விடலை. மூஞ்சியில களை வந்துடுச்சு. எனக்கே சந்தோஷமா இருந்துச்சு.

சாயங்காலம் அண்ணி வந்தாங்க. டீயைக் கொடுத்துட்டுப் பேப்பரை எடுத்தாங்க. படிச்சாச்சு, நீ போய்க் காலை நீட்டுன்னாரு அண்ணன். மறுநாளும் அதேதான். அப்புறம் தினமும் அதேதான். அண்ணி டீ டம்ளரை வைக்கிற சத்தம்தான் பெருசா கேட்டுச்சு. நான் சமையக்கட்டுல போய்ப் பாத்தா, எண்ணெய் காயறதைப் பாத்துக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. கடுகு போடலை. "என் குரலை வச்சே என்னை வெளிய தள்ளிட்டேன் பாரு"ன்னாங்க. எனக்கு அண்ணன் மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கண்ணுதான் இல்ல, காதுமா இல்லன்னு நேராவே கேட்டேன். பாவம், நாளெல்லாம் மெஷின் முன்னாடி குனிஞ்சு முதுகு ஒடிஞ்சு வர்றவளை எதுக்கு உக்கார வச்சுப் படிக்கச் சொல்லணும்னாரு. இந்த ஆம்பளைங்களுக்கு நல்லது பண்ணக்கூடத் தெரியறதில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் அங்கதான் இருந்தேன். நிருபமா பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க வந்திருந்துச்சு. சங்கத்துலருந்து ஏதோ மீட்டிங்குக்கு நோட்டீஸ் வந்திருந்துச்சு. அண்ணன் அதைக் கண்ணாடியில கவுத்துப் பொட்டை அழுத்தினாரு. பெட்டி எடுத்த எடுப்புல சொல்லுச்சு:

"எத்திராஜ் அவர்களுக்கு."

அண்ணி சமையக்கட்டுலருந்து கரண்டியோட வந்தவங்க நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. இன்னொரு கை தாலியைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. அண்ணன் பொட்டைத் தடவி மறுபடி அழுத்தினாரு. எத்திராஜ் அவர்களுக்கு. மறுபடியும். மறுபடியும். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும், தன் பேரை அந்தக் குரல்ல அவரு கேட்டதே இல்ல. சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறாரு. நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். திரும்பிப் பாத்தா அண்ணி கண்ணுல தண்ணி நிக்குது. எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. தன்னால தர முடியாத ஒண்ணையும் அந்தப் பெட்டி அவருக்குத் தந்துடுச்சேன்னு நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அண்ணன் மறுபடி பொட்டுக்கிட்ட விரலைக் கொண்டுபோனாரு. ஆனா அழுத்தலை. நிருபமா பக்கம் திரும்பி, இதை 'ஏங்க'ன்னு சொல்லச் சொல்லும்மான்னாரு. அந்தப் பொண்ணு டக்கு டக்குன்னு ஏதோ தட்டுச்சு. பெட்டி 'ஏங்க'ன்னுச்சு. அண்ணன் தலையை ஆட்டினாரு, இது இல்லன்னாரு. நிருபமா இழுத்துப் பாத்துச்சு, குறுக்கிப் பாத்துச்சு, ஏத்தி இறக்கிப் பாத்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் இல்ல இல்லன்னாரு.

"என் பேரு நல்லாத்தாம்மா சொல்லுது, ரேஷன் ஆபீசுல கூப்பிடற மாதிரி. இவ ஏங்கன்னா, அதுலயே டீ ஆறுதுன்னு தெரியும், கோவமா இருக்கான்னு தெரியும், கால் வலிக்குதுன்னு தெரியும். பத்து நாளா அதைக் கேக்கலை. வீட்டுல இருக்காளா இல்லையான்னே எனக்குத் தெரியலை."

நிருபமாவுக்குக் கண்ணு பளபளன்னு ஆயிடுச்சு. அப்படி எத்தனை விதம் இருக்கு, எல்லாத்தையும் பதிவு பண்ணிக்கலாமா ஆன்ட்டின்னு ஆசையா கேட்டுச்சு. நல்ல பொண்ணு, கெட்ட எண்ணமில்ல. மாசக்கணக்கா வேர்த்து விறுவிறுத்து அது கேட்டதை எல்லாம் படிச்சுக் கொடுத்த எங்க அண்ணி, கரண்டியை மறு கைக்கு மாத்திக்கிட்டுச் சொன்னாங்க. "தமிழ்ல இருக்கிற அத்தனை எழுத்தையும் எடுத்துக்கோ பாப்பா. அது மட்டும் கிடையாது. அது அவரோடது."

பெட்டி இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கு. அதே குரல் இப்ப வேற எத்தனையோ ஊர்ல, எத்தனையோ வீட்டுல படிக்குதாம். எந்தெந்த வீட்டு ஆம்பளைங்க பேரையெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதோன்னு அண்ணி வெக்கப்படறாங்க. சொல்றது யாருங்கிற கேள்விக்கு அவங்களுக்கு இன்னும் பதில் கிடைக்கலை. கேக்கிறதையும் விடலை. ராஜாஜிநகருக்கு இன்னும் அடுத்த ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட்.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள் நடந்ததை மட்டும் சொல்லிடறேன். நான் காலையிலருந்து அங்கதான் இருந்தேன். பெட்டி பேப்பரை முதல் பக்கத்துலருந்து கடைசி வரைக்கும் படிச்சுச்சு, அண்ணன் ஒரு வரி விடாம கேட்டாரு. சாயங்காலம் அண்ணி வந்து டீயைக் கையில கொடுத்தாங்க. அண்ணன் பேப்பரை நீட்டி, இன்னிக்கு இன்னும் படிக்கலைன்னாரு. நான் வாயைத் திறக்கப் போனேன், மூடிக்கிட்டேன்.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து பேப்பரை விரிச்சாங்க. ரெண்டு வரி தனக்குள்ள படிச்சுட்டு, "ஏங்க, இந்த அநியாயத்தைக் கேட்டீங்களா"ன்னாங்க.

காலையில அதே குரல்ல கேட்ட சேதிதான். அண்ணன் டீயைக் கீழ வச்சுட்டு, "என்னவாம்?"னு கேட்டாரு.