எண்டர் தட்டியும் சுற்றாத விசிறிகள்

சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ON என்று டைப் செய்து எண்டர் தட்டினால், அது சீரியல் கேபிள் வழியாக எங்கள் கம்பெனி செய்து கொடுத்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்குப் போகும். ஷெட்டில் விசிறிகள் ஓடும். சித்திரை வெயிலில் ஒரு மதியம் முதலாளி சின்னச்சாமி போன் செய்தார்.

"அம்மணி, விசிறி ஒண்ணுகூட ஓடலைங்க! கோழியெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு இரைக்குதுங்க!"

"மேனுவல் சுவிட்சப் போடுங்கண்ணா."

"அதையக் கழட்டியாச்சுங்க. கரண்டு மிச்சம்னு ஆளுங்க அமத்தி அமத்தி உட்டர்றாங்கன்னு நான்தான் கழட்டுனேன்."

அடக் கடவுளே! வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பேனலில் விசிறிக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் சுவிட்ச் ஒன்றை மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தபடி பண்ணை எலக்ட்ரீசியன் நின்றிருந்தார். அவர் தயவில் ஒரே ஒரு விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

காலையில்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார்கள். மற்றபடி அதே ON, அதே கேபிள், அதே போர்டு. அப்படி என்னதான் வருகிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை எனக்கு அடங்கவில்லை. அந்த அரிப்பு இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

வரும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக டிஸ்பிளேயில் காட்டும்படி ஒரு வரி சேர்த்து, புரோகிராமைப் போர்டில் ஏற்றினேன். 79, 78. அது O, N. அடுத்து 13. அப்புறம் 10.

ஓகோ, சங்கதி இதுவா! பழைய கம்ப்யூட்டர் எண்டருக்கு வெறும் 10 அனுப்பியது. புதியது முன்னால் ஒரு 13-ஐயும் சேர்த்து அனுப்புகிறது. எங்கள் புரோகிராம் 10 வந்ததும் படிப்பதை நிறுத்தி, வந்த வார்த்தையை strcmp போட்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வந்ததைச் சேர்த்து வைக்கும் பஃபரின் கடைசியில் 13 ஒட்டிக்கொண்டிருந்தால் அது strcmp-க்கு வேறு வார்த்தை. கண்ணுக்குத் தெரியாத சனியன்!

13 வந்தால் பஃபரில் சேர்க்காதே என்று ஒரு if எழுதினேன். ON அடித்ததும் விசிறிகள் வரிசையாக ஓடின. எலக்ட்ரீசியன் கட்டையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷெட்டின் கோடியில் சில கோழிகள் எழவே இல்லை.

நான் 13, 10 என்று விளக்கியதைச் சின்னச்சாமி பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் சரிங்க அம்மணி. புரியலைன்னா, புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லாதுங்களா அது? கோழி செத்தாலும் கம்முனுதான் இருக்குமா?"

புரோகிராமை மறுபடி திறந்தேன். வார்த்தை பொருந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. பொருந்தாவிட்டால்? ஒன்றுமே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அந்த 'இல்லாவிட்டால்' பகுதியை, else-ஐ, எழுதினேன்: புரியாதது எது வந்தாலும் விசிறி ஓடட்டும், அலாரம் கத்தட்டும்.

இன்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் புரோகிராமைக் காட்டினால், strcmp சரியா என்று நான் முதலில் பார்ப்பதில்லை. else எங்கே என்றுதான் கேட்கிறேன்.