படத்துக்குப் பக்கத்தில் இருந்த பாண்

பிள்ளைகளே, அம்மாவின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கிறது. உடைந்த வள்ளப் பலகையில் நான் வரைந்த கடற்பறவை. அதற்குப் பக்கத்தில் பேக்கரியில் சுட்ட ஒரு முழுப் பாண். அந்தப் பாண் எதற்கு என்று பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அம்மா சிரிப்பாள். நான் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விடுவேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

அந்தப் பாணை அங்கே வைத்தவர் கடை ராத்தா. முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள். அவர் என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எங்கள் கண்டக்குழி ஊர் முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவர் என்னை அண்ணன் என்பார். சந்தியில் இருந்த அவருடைய கடையில் பாணும் சீனியும் விற்றார். போனுக்கு ரீலோட் போட்டார். படம் அச்சடித்தும் கொடுத்தார். சண்டை முடிந்து, காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம். கரையோரம் விடுதிகள் முளைத்தன. நான் வள்ளங்களுக்குப் பெயரும் மாதா படமும் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலை மீன்பிடி சீசனுக்கு முன்னால் மட்டும்தான். மிச்ச மாதங்களில் பழைய பலகைகளில் பறவையும் மீனும் வரைந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கிவைப்பேன். கட்டாரில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போவதற்காக என் கடவுச்சீட்டு ஏஜென்டிடம் இருந்தது. மூத்தவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

ஒருநாள் அந்தப் பலகைகளைக் கண்ட ராத்தா, போனில் விற்பனைக்கு ஒரு பக்கம் திறந்து படங்களைப் போடுவோம் என்றார். வெயிலில் வைத்த பலகையை நிழலுக்கு இழுத்தார். "வெயில்ல புடிச்சா பெயின்ட் மினுங்கும் அண்ணன், படம் தெரியாது." பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது எவ்வளவு பெரிசெண்டு கொழும்புல இரிக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும்?" கடைக்குள் போய் ஒரு பாணை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். "இப்ப தெரியும். பாண் காணாத ஆள் இந்த நாட்டுல இல்ல." மூலையில் என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். குனிந்து பார்த்துவிட்டு, "எறும்பு வாசிக்கவா?" என்று கேட்டார்.

அதுவரை எல்லாம் சரி. விலை எழுத வேண்டிய இடத்தில்தான் என் கை நின்றது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்துக்கு எழுதினால், அது தண்ணீரில் இறங்கும்வரை கூலிக் கதை எடுக்கமாட்டோம். எடுத்தால் வள்ளத்துக்குக் கூடாது. முதல் முறை பிடித்துவந்த மீனோடு வள்ளக்காரர் தருவதை வாங்கிக்கொள்வோம். என் அப்பா ஒருநாளும் இவ்வளவு என்று வாய்திறந்து கேட்டதில்லை. நானும் படத்தின் கீழே, "பார்த்துத் தாருங்கள்" என்று எழுதினேன். ராத்தா தலையில் கைவைத்தார்.

அந்தப் படத்தைப் பார்த்து ஒரு விடுதியின் மனேஜர் வந்தார், சிங்கள ஆள். சாப்பாட்டு மண்டபத்துக்கு ஆறு பலகை கேட்டார். எவ்வளவு என்றும் கேட்டார். "முதலில் தொங்கவிட்டுப் பாருங்கள், பிறகு கதைப்போம்" என்றேன், வள்ளக்காரரிடம் சொல்வதுபோல. "அட்வான்ஸ் வாங்கினீங்களா?" என்று ராத்தா கேட்டபோது, ஓம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் தலையை ஆட்டினேன்.

பலகைகளைத் தொங்கவிட்ட பிறகு குடும்பத்தோடு சாப்பிட வரச் சொன்னார்கள். காசை அங்கே தரப்போகிறார்கள் என்று அம்மா நல்ல சேலை உடுத்தி வந்தாள். மனேஜர் எழுந்து, ஊர்க் கலைஞர் எங்களுக்கு அன்பளிப்பாகத் தந்த படங்கள் என்று எல்லாருக்கும் சொன்னார். கை தட்டினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று கும்பிட்டேன். வரும்போது பெட்டியில் ஒரு கேக்கும் தந்தார்கள். அம்மா வழி முழுவதும் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில்தான் கேட்டாள்: "கேக்கைக் கட்டிக்கொண்டோ கட்டாருக்குப் போகப்போறீங்கள்?"

அடுத்த நாள் காலையில் பாண் வாங்கப் போனேன். அம்மா எனக்கு முன்னமே போய்ச் சொல்லியிருக்கிறாள். கடை நிறைய ஆட்கள். ராத்தா தன் போனை மேசையில் வைத்தார். "எடுங்க. மனேஜரோட கதைங்க."

"பிறகு கதைக்கிறன் ராத்தா."

"பிறகெண்டா எப்ப? பிளேனுக்குள்ள இருந்தா?"

பின்னால் நின்ற வள்ளக்காரர் ஒருவர், "கதையடா டேய், பாண் ஆறுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் முன்னால்தான் பேசினேன். சிங்களத்தில் ஐயா என்பதற்கு மாத்தயா போட்டு, அது அன்பளிப்பு இல்லை மாத்தயா, என் வேலை என்றேன். விலையையும் சொன்னேன். "அனே மல்லி, நீங்கள் வாயே திறக்கவில்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தம்பியிடம் கேட்பதுபோலக் கேட்டார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார். என் காது எரிந்தது. நான்கை விலைக்கு எடுத்தார். இரண்டைச் சுவரில் இருந்து கழற்றி நானே தோளில் சுமந்து வந்தேன். மிச்சப் படங்களின் கீழே என் பெயரையும் நம்பரையும் போட அவரே சொன்னார். அதைப் பார்த்து வேறு விடுதிகளும் கேட்டன. நான் ஏஜென்டிடம் போய்க் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கினேன். நீங்கள் என்னைப் போனில் பார்த்து வளராமல், வீட்டில் பார்த்து வளர்ந்தது அதனால்தான்.

பிறகு ராத்தா தன் கடைக்குப் பெயர்ப்பலகை கேட்டார். விலை சொன்னேன். "நாலு எழுத்துக்கு இவ்வளவா? குறைங்க அண்ணன்" என்றார். எனக்கு விலை சொல்லச் சொன்ன அதே ஆள்! பார்த்துத் தாங்கோ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு அதே விலையைத் திரும்பச் சொன்னேன். "சரி, தாறன். படம் புடிக்க எடுத்த எண்ட பாணையெல்லாம் கழிச்சிட்டு" என்றார். கழிக்கவில்லை.

அவர் இப்போது புத்தளம் டவுனில். பக்கத்தை மூத்தவள் பார்க்கிறாள். படங்கள் வடிவாக இருக்கின்றன, பாண் இல்லை. இன்று நீங்கள் வகுப்புக்குப் போன பிறகு ஒருவர் பலகையின் அளவும் விலையும் கேட்டு எழுதினார். தேத்தண்ணிக்கு வாங்கி வைத்திருந்த பாணைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தேன். கீழே விலையை எழுதினேன், அழித்தேன், அதையே திரும்ப எழுதி அனுப்பிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பதில் வந்த சத்தம் இரண்டு தரம் கேட்டது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் திருப்பிப் பார்க்க என் கைக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் வந்து பாருங்கள். பாண் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது.