பதுளையில் சாப்பிட்ட குவைத்துச் சாப்பாடு

எங்கள் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு நிறைய உண்டு. பச்சை எண்ணெய் வாசம் பட்டாலே குமட்டும். பக்கத்து வீட்டில் வெள்ளைப்பூண்டு இடித்தால் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்துவாள். அப்படிப்பட்டவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

தேயிலைத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிய விஷயம் என்றிருந்த காலம் அது. எங்களுக்குக் கிடைத்த காணித் துண்டில் வீடு இடுப்புயரச் சுவரோடு நின்றுபோயிருந்தது. மழை வந்தால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் ஆடுகள் எல்லாம் அங்கேதான் போய் ஒதுங்கும். கூரை இல்லாத வீட்டில் ஆடு எதற்காக ஒதுங்குகிறது என்று அப்பா கேட்பார். அம்மாவுக்கு அந்தக் கேலி பிடிக்காது. அந்த வீட்டுக்குக் கூரை போடத்தான் அவள் போகிறாள் என்று எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பாவுக்கு மனமே இல்லை. காரணம் என் சித்தி. அம்மாவின் தங்கையான அவள் முந்திய வருஷம் அதே குவைத்துக்குப் போய், அங்கத்திய சாப்பாடு தொண்டையில் இறங்காமல், எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்திருந்தாள். அவளைப் பார்த்த நாளிலிருந்து அப்பா வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொல்லியேவிட்டார்.

“பதுளையில ஒரு சைவக் கடையில எல்லா நாட்டுச் சாப்பாடும் போடுறாங்களாம். அந்தூருச் சாப்பாட்ட சாப்பிட்டுப் பாரு. ஒத்துக்கிச்சின்னா போ. ஒத்துக்கலன்னா பாஸ்போட்ட பெட்டியில வச்சிட்டுப் பேசாம இரு.”

“சரிங்க” என்றாள் அம்மா.

சைவக் கடையாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று கதிர்காம முருகனுக்கு நேர்ந்துகொண்டு, அம்மா கவிச்சி தொடாமல் இருந்தாள். ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நானும் அதே முருகனிடம், அம்மாவுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரே சாமியிடம் ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு போயிருந்தது.

தம்பியைச் சித்தியிடம் விட்டுவிட்டு, அப்புத்தளையில் பஸ் ஏறினோம். வளைவு வளைவான பாதை. எனக்கு வழியெல்லாம் வயிற்றைப் புரட்டியது. எலுமிச்சை வாசத்துக்கு வாந்தி அடங்கும் என்று அம்மா ஒரு தேசிக்காயை என் மூக்கில் பிடித்தபடி, ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக வந்தாள்.

கடை வாசலில் ‘இந்திய, சர்வதேச சைவ உணவுகள்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. விலைப் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்ற முகத்தோடு அப்பா முதலில் உள்ளே நுழைந்தார். நான் மெனு அட்டையில் படம் பார்த்து நூடுல்ஸ் கேட்டேன். அப்பா தோசை. அம்மா பரிமாறுகிறவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

“தம்பி, அரபுக்காரங்க சாப்பிடுறது எது இருக்கு?”

“ஹம்மூஸும் ரொட்டியும் இருக்குங்க. எங்க குக் குவைத்துல இருந்தவரு. அங்க போடுற மாதிரியே போடுவாரு.”

வந்தது. கொண்டைக்கடலையை வழவழவென்று அரைத்துத் தட்டில் பரப்பி, நடுவில் குழி பறித்துப் பச்சை எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். வெள்ளைப்பூண்டு வாசம் என் மூக்கு வரைக்கும் அடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முருகன் என் மனுவைத்தான் எடுத்திருக்கிறார்!

அந்தக் கடையில் எந்த நாட்டுச் சாப்பாடு கேட்டாலும் கூடவே சாம்பாரும் சட்னியும் வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது. என் நூடுல்ஸுக்கும் வந்திருந்தது. அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போனபோது அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“வேணாம் தம்பி. அங்க போனா சாம்பாரா குடுக்கப் போறாங்க?”

அப்பா ஒரு துண்டு ரொட்டியில் தொட்டு வாயில் வைத்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்தார். நான் ஒரு வாய் வாங்கி, கை கழுவும் தொட்டிக்கு ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தேன். வரும்போது அம்மா பாதித் தட்டைத் தாண்டியிருந்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார் அப்பா.

“நல்லாத்தான் இருக்கு. நம்ம சுண்டல மசிச்சி வச்ச மாதிரி. இதுக்குப் போயி எந் தங்கச்சி அழுதுகிட்டு வந்திருக்கா பாருங்க.”

“மெய்யாத்தான் சொல்றியா?”

“வேணுமின்னா இன்னொரு தட்டு சொல்லுங்க.”

அப்பா சொல்லவில்லை. அம்மா கடைசி ரொட்டியால் தட்டை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எங்களைவிட அந்தக் கடலை மாவு அவளுக்குப் பெரிதாகிவிட்டது என்று நினைத்தேன். நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டேன். கடையை விட்டு வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் அப்புத்தளை பஸ் நின்றது. இடம் பிடிக்க அப்பா ஏறிப்போனார். முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி அம்மா என்னைப் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானோரம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சுவரில் ஒரு கையை ஊன்றி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும்வரைக்கும் வாந்தி எடுத்தாள். நான் பயந்துபோய், கோபத்தையெல்லாம் மறந்து, அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். போத்தல் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒண்ணுமில்ல பாப்பா. பஸ்ஸு ஒத்துக்கல.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. பஸ் எனக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

நாங்கள் ஏறியதும், ஏன் இவ்வளவு நேரம் என்று அப்பா கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அம்மா வாந்தி எடுத்தாங்கப்பா. பஸ்ஸு ஒத்துக்கலயாம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. பிறகு அப்பா முன்னால் பார்த்தார். எழுந்து ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார். தன் சால்வையை மடித்து, அவள் தலை சாய்த்துக்கொள்ளும்படி ஜன்னல் கம்பியில் வைத்தார். வீட்டில் அவர் அப்படியெல்லாம் செய்து நான் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்கு இனி வழியெல்லாம் வாந்தி வருமே என்ற கவலையில், நான் மடியில் தேசிக்காயைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் கிளம்பவே இல்லை.