தொட்டிக்குப் பின்னால் ஒரு மணத்தக்காளி

எங்கள் தக்காளி நாற்றுப்பண்ணையில் அவளுக்குக் களையக்கா என்றுதான் பேர். நான் தட்டில் விதை போடுகிறவள். அவள் வலைக்கூடாரத்தைச் சுற்றி முளைப்பதையெல்லாம் பிடுங்குகிறவள். ஊமத்தை, மணத்தக்காளி, எதையும் விடமாட்டாள். தக்காளி இலையைச் சுருட்டுகிற நோய் அந்தச் செடிகளில்தான் குடியிருக்கும். வெள்ளை ஈ அங்கே சாறு உறிஞ்சிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால் போதும், நாற்று பாழ். முதலாளியின் மனைவி வாசலில் ஆசையாக வைத்த பெட்டூனியாப் பூச்செடியையே ஒருநாள் இவள் பிடுங்கி எறிந்துவிட்டாள்.

"அழகுக்கு வச்சேன்டி, பாவி!" என்று அந்தம்மா கத்த, "ஈக்கு அழகெல்லாம் தெரியாதும்மா" என்று இவள் போய்க்கொண்டே இருந்தாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்ததில் வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கினாலே அந்த மனுஷனுக்குக் கண்ணில் நீர் வழியும். மணத்தக்காளிக் கீரையை வேகவைத்து மசித்துக் கொடுத்தால் மட்டும் இரண்டு வாய் இறங்கும். கடையில் அது என்றைக்காவதுதான் வரும். அவர்கள் குடியிருந்ததும் பண்ணைக்குள்ளேயே, பின்பக்க அறையில்.

கொஞ்ச நாளில் நாற்றுகள் மஞ்சளடித்துச் சுருண்டு நின்றன. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பக்கத்துல எங்கயோ நோய்ச்செடி இருக்கு. தேடுங்க."

நான் சும்மா இருப்பேனா? "களையக்கா இருக்கிற இடத்துல ஏதுங்க செடி? வெளியிலேர்ந்து வந்திருக்கும்" என்று வரிந்துகட்டிக்கொண்டு பேசினேன்.

அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது கையில் வேரோடு ஒரு மணத்தக்காளி. பச்சைப்பசேலென்று இருந்தது. அதில் நோய் தங்கினாலும் வெளியே தெரியாது. அவளுக்கா அது தெரியாது? எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

"நான்தாங்க விட்டுவச்சேன். அவருக்காக."

நாற்றுகளையெல்லாம் உதறிக் குழியில் கொட்டித் தீ வைத்தோம். அவள் செடியோடு குழி ஓரத்தில் நின்றாள்.

"இலைய மட்டும் பறிச்சுக்கட்டுங்களா? ராத்திரிக்கு அவருக்கு வேற ஒண்ணுமில்ல."

முதலாளி அந்தச் செடியை வெடுக்கென்று வாங்கினார். போச்சு, தீயில் எறியப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தன் நாற்றெல்லாம் எதிரில் புகைந்துகொண்டிருக்க, இலை இலையாகக் கிள்ளி, அவள் அவிழ்த்து விரித்த தலைத்துணியில் போட்டார்.

"வேர நீயே தீயில போட்டுடும்மா" என்றார்.