கச்சையைப் பிடித்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது.

நடந்தது உர்கெனுக்கு. டோல்போ மலையில் குதிரை வாங்கி விற்பவன். வாயைத் திறந்தால் பாதி பொய்தான். இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டான். கை தானாக இடுப்புக்குப் போகும்.

அன்று காலை தர்சும் கிராமத்திலிருந்து அக்கா லாமுவை அழைத்துக்கொண்டு கிளம்பினான். அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. பிறந்த வீடு கணவாய்க்கு அந்தப் பக்கம், கோமோவில். அங்கே அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தால் முகம் பார்க்கலாம்.

லாமு அழுதுகொண்டே நடந்தாள். அழுதாலும் வாய் ஓயவில்லை.

"டேய் நெட்டை, மெதுவாப் போடா. நான் என்ன உன் குதிரையா?"

"குதிரைன்னா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். மாமியார் வீட்டு வெண்ணெய் உன்னை நடக்க விடல."

"இரு, அம்மாகிட்ட சொல்றேன்."

கணவாய் உச்சியில் ஆளுக்கு ஒரு பிடி வறுத்த பார்லி மாவைத் தின்றுவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் மூடுபனி ஏறி வந்தது. பட்டப்பகலிலேயே தன் கால் தனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பாதாளம்.

"அக்கா, என் கச்சையைப் பிடிச்சுக்க. விட்டுடாத."

இடுப்பில் சுற்றிய கம்பளிக் கச்சையின் தொங்கும் முனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

வழியில் ஓர் ஓடை. கடக்கும்போது பின்னால் இழுப்பு விட்டது. தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. உர்கென் நின்றான்.

"அக்கா?"

மறுபடி இழுப்பு வந்தது. சரி, பிடித்துக்கொண்டாள். நடந்தான்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. லாமு பேசவே இல்லை.

"என்னக்கா, வாய் வலிக்குதா?"

பின்னாலிருந்து மெல்லிய குரல். "வீடு இன்னும் எவ்வளவு தூரம்?"

பிறந்து வளர்ந்த மலை. இது என்ன கேள்வி?

"கல்மேடு வந்தா பாதி வழி."

"தம்பி... கீழ் வழியாப் போலாம்."

லாமு அவனைத் தம்பி என்று கூப்பிட்டதே கிடையாது.

உர்கென் காதைக் கூர்மையாக்கினான். சரக்... சரக்... உறைபனியில் பூட்ஸ் மிதிக்கும் சத்தம். ஒரே ஆளின் சத்தம். அவனுடையது.

இழுப்பும் தாழ்ந்திருந்தது. முழங்கால் உயரத்திலிருந்து யாரோ இழுப்பதுபோல...

அப்போது, முன்னாலிருந்து ஒரு கூப்பாடு.

"டேய் நெட்டை! எங்கடா தொலைஞ்ச? நான் கல்மேட்டுல நிக்கிறேன்!"

லாமு.

முன்னால்...

கச்சை வெடுக்கென்று சுண்டியது.

"பதில் சொல்லாத."

அவன் திரும்பவில்லை. கை கத்தியைத் தேடியது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, தம்பி..."

வெட்டினான்.

ஓடினான்.

கல்மேட்டில் லாமு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஓடையில பூட்ஸுக்குள்ள தண்ணி போச்சு, நில்லுடான்னு கத்தினேன். காதுல விழல? முன்னாடி போயிட்டன்னு நினைச்சு குறுக்கு வழியா இறங்கி வந்தேன்." அவன் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கோமோ சேர்ந்தபோது அப்பாவுக்கு உயிர் இருந்தது. லாமுவின் கன்னத்தைத் தடவினார். அவள் ஊற்றிய வெண்ணெய்த் தேநீர் இரண்டு மடக்கு உள்ளே இறங்கியது.

அடுப்படியில் அம்மா உர்கெனின் நனைந்த அங்கியைக் கழற்ற வந்தாள். அறுபட்ட கச்சையைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"உன்னை என்னன்னு கூப்பிட்டுச்சு?"

"தம்பின்னு."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"லாமுக்கும் உனக்கும் நடுவுல ஒருத்தி இருந்தா. செத்தவங்க பேரை எடுக்கக்கூடாதுன்னு யாரும் உங்கிட்ட சொல்லல. நீ அப்ப என் வயித்துல. தம்பிதான் வருவான்னு சொல்லிட்டே இருப்பா. அதே இறக்கத்துல, இதே மாதிரி மூடுபனி. என் கச்சையைப் பிடிச்சுட்டு வந்தா."

"கைய விட்டுட்டாளா?"

"விடலடா. இந்த வாசல் வரைக்கும் இழுப்பு இருந்துச்சு. வாசப்படியில திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்ல. பனி உருகினப்புறம் ஓடைக்குக் கீழ அவளை எடுத்தாங்க. ஓடையிலேயே விழுந்திருக்கா. அப்போ வாசல் வரைக்கும் என்னைப் பிடிச்சுட்டு வந்தது யாரு?"

வெளியே மூடுபனி வாசலைத் தொட்டிருந்தது.

கதவைச் சாத்த எழுந்த உர்கென், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றான். போட மனம் வரவில்லை. போடாமல் விடத் துணிவும் இல்லை.